இசைக்கவைக் கடிகாரத்தைத் திறப்பதற்கு முன்னும் திறந்த பின்னும்

அக்யூட்ரான் என்ற இசைக்கவைக் கைக்கடிகாரம் ஒன்று ஓடவில்லை என்று கைக்கு வந்தால், திருப்புளியைத் தேடுவதற்கு முன் அதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள கடிகாரத்தில் டிக்டிக் ஓசை இராது. அடுத்த வீட்டில் யாரோ தம்பூராவின் ஒற்றைத் தந்தியை மீட்டிக்கொண்டிருப்பதுபோல இடைவிடாத ரீங்காரம் இருக்கும். அந்த ரீங்காரம் நொடிக்கு 360 அதிர்வுகள்; பாடகர்களின் கணக்கில் சொன்னால் நாலு கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் இடைப்பட்ட சுருதி. ரீங்காரம் கேட்கிறது, ஆனால் நொடிமுள் நகரவில்லை என்றால் மின்பகுதி நலமாக இருக்கிறது, பற்சக்கரப் பகுதியில்தான் கோளாறு என்று பொருள். ரீங்காரமே இல்லை என்றால் செல், செல் தொடும் தகடு, காயில் (கம்பிச்சுருள்), டிரான்சிஸ்டர் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்க வேண்டும், அல்லது கவையின் அசைவைத் தூசு ஏதேனும் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த அரை நிமிடச் சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும். பல நேரங்களில் கடிகாரத்தைக் கழற்றும் தேவையே இல்லாமல் செய்துவிடும்.

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதில் வைத்துக் கேட்ட அதே இசைக்கவைதான் இந்தக் கடிகாரத்தின் உயிர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் மாக்ஸ் ஹெட்சல், புலோவா நிறுவனத்துக்காக அதைக் கைக்கடிகாரத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கினார். 1960ஆம் ஆண்டு அக்டோபரில் அக்யூட்ரான் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடம் என்பதே அதன் உத்தரவாதம். அந்நாளைய சாவிக் கடிகாரங்களுக்கு அது எட்டாத துல்லியம். கவையின் இரு கரங்களின் நுனியிலும் கிண்ணம்போன்ற உறைக்குள் ஒரு நிலைக்காந்தம் உண்டு. அந்தக் காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், காயில் அமர்ந்திருக்கும். ஒரே ஒரு டிரான்சிஸ்டர் காயிலுக்கு மின்துடிப்புகளைக் கொடுத்துக் கவையை அதிரவைக்கிறது. கவையின் ஒரு கரத்தில் பொருத்தப்பட்ட மெல்லிய கம்பியின் நுனியில் துகளளவு மாணிக்கக் கல் இருக்கிறது. கவை அதிரும்போதெல்லாம் அந்தக் கல், 300 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுகிறது. அடித்தகட்டோடு பொருத்தப்பட்ட இன்னொரு கம்பியும் கல்லும், தள்ளப்பட்ட சக்கரம் பின்வாங்காமல் பிடித்துக்கொள்கின்றன.

முதல் கம்பியை உந்துவிரல் என்றும் இரண்டாவதைத் தடுப்புவிரல் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இரண்டாவதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பால்’ என்று வந்து, படிப்பவரை ஆவின் பூத்துக்குக் கொண்டுபோய்விடும். சக்கரத்தை மட்டும் எல்லோரும் சொல்கிறபடி இன்டெக்ஸ் சக்கரம் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சக்கரத்தின் அளவை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் தடைகள் எல்லாம் ஏன் என்று விளங்கும். அதன் விட்டம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, பல்லின் உயரம் அதிலும் பாதிக்குக் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய மூன்று பற்கள் அடங்கிவிடும். நாள் ஒன்றுக்கு 3 கோடியே 11 லட்சத்து 4 ஆயிரம் முறை அந்தப் பற்களை மாணிக்கக் கல் தள்ளுகிறது. வெறுங்கண்ணுக்கு அது பல்லே இல்லாத வழவழப்பான வட்டாகத்தான் தெரியும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

நான் முதன்முதலில் பிரித்தது, கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமன் விட்டுச்சென்ற 214 வகை (அக்யூட்ரானின் மாதிரி எண்களில் ஒன்று) இயந்திரம். சாவிக் கடிகாரங்களில் செய்வதுபோலவே மரக்குச்சியைக் கூராகச் சீவி, சக்கரத்தின் விளிம்பில் கறுப்பாகத் தெரிந்த ஒரு புள்ளியைத் தேய்த்தேன். புள்ளி போனது; கூடவே ஏழெட்டுப் பற்களும் போயின. கடிகாரம் அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் தடுமாறி நின்றது. மாற்றுச் சக்கரத்துக்காக, காயில் எரிந்துபோன இன்னொரு இயந்திரத்தை வாங்கும்வரை ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கடிகாரங்களின் உற்பத்தி 1970களின் பிற்பகுதியிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வருவதெல்லாம் பழைய இருப்பும், இறந்த இயந்திரங்களிலிருந்து எடுத்த உறுப்புகளும்தான். ஆகவே இதைச் சாவிக் கடிகாரம்போல முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடுவது என்று எண்ணாமல், முதலில் அளந்து, தேவையான இடத்தை மட்டும் தொடுவது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் இடமும் நேரமும்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு வெளியூர்க் கையேடுகள் சொல்லாத சில தொல்லைகள் உண்டு. முதலாவது உப்புக்காற்று. கடற்காற்று எழுந்த பிறகு காற்றின் ஈரம் கூடுகிறது. திறந்துவைத்த எஃகுத் திருகு மீது இரண்டு நாளில் செம்புள்ளி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மின்விசிறி. சுற்றுகிற விசிறியின் கீழே இன்டெக்ஸ் சக்கரத்தை எடுத்துவைத்தால் அதை மறுபடி பார்ப்பது அரிது. விசிறியை நிறுத்தினாலோ நெற்றி வியர்வை இயந்திரத்தின்மீதே சொட்டும், வியர்வையிலும் உப்புதான். எனவே நான் விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து, வெயில் ஏறுவதற்குள் பிரிக்கும் வேலையை முடித்து, எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பாவில் மூடிவைத்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் கடிகாரத்தைத் திறப்பதே இல்லை.

மூன்றாவது தொல்லை இரும்புத்தூள். கொருக்குப்பேட்டையிலும் சுற்றுவட்டத்திலும் லேத் பட்டறைகள் பல உண்டு. பட்டறையில் வேலை செய்கிறவர் கட்டிய கடிகாரத்தின் உறை இடுக்கில் மெல்லிய எஃகுத் துகள்கள் ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அவை நேராகக் கவையின் காந்தங்களுக்குத் தாவும். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். அங்கே ஒரே ஒரு துகள் சிக்கினாலும் கவையின் வீச்சு குறையும், மின்னோட்டம் ஏறும், சில நேரம் ரீங்காரமே அடங்கிவிடும். எனவே திறப்பதற்கு முன் உறையின் வெளிப்புறத்தை, பட்டைக் கொக்கி, பின்மூடி விளிம்பு, கண்ணாடி விளிம்பு என எல்லா இடத்திலும் ஈரத்துணியால் துடைத்து, பின்பு கடிகாரக்காரர்கள் பயன்படுத்தும், களிமண்போல உருட்டக்கூடிய ஒட்டுப்பசையை உருட்டி உருட்டி ஒற்றியெடுங்கள். மேசையில் செய்தித்தாள் விரிக்காமல் வழவழப்பான வெள்ளைத் தாளை விரியுங்கள். செய்தித்தாளின் நார் ஒன்று பற்களுக்கிடையே போனால் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும்.

கருவிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். எஃகுச் சாமணமும் எஃகுத் திருப்புளியும் காந்தத்துக்கு அருகே போனால் கை நடுக்கம் இல்லாவிட்டாலும் அவை தாமாகவே இழுபடும். அப்படி இழுபட்ட திருப்புளி முனை காயிலைக் கீறுவதுதான் இவ்வகைக் கடிகாரங்களின் மிகப் பெரிய சாவு. காயிலின் கம்பி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கு தடிப்புடையது. ஒவ்வொரு காயிலிலும் அது 8,000 சுற்றுக்கு மேல் சுற்றப்பட்டிருக்கிறது. அறுந்தால் வீட்டில் சுற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். பித்தளைச் சாமணம் ஒன்றும், காந்தம் பற்றாத திருப்புளி ஒன்றும் தங்கசாலைத் தெருவை ஒட்டிய நகைத்தொழில் கருவிக் கடைகளில் தேடிப் பெறலாம். பத்து மடங்கு பெருக்கும் ஐ-கிளாஸ் பொதுவேலைக்குப் போதும். ஆனால் பற்களைப் பார்க்க நாற்பது மடங்காவது பெருக்கும் நுண்ணோக்கி இல்லாமல் இன்டெக்ஸ் சக்கரத்தைக் கையில் எடுக்காதீர்கள். காந்தநீக்கும் கருவியை இந்த இயந்திரத்தின் அருகே கொண்டுவரவே கூடாது. சாவிக் கடிகாரத்துக்கு மருந்தான அது, இங்கே கவையின் நிலைக்காந்தத்தை வலுவிழக்கச் செய்துவிடும்.

செல்லும் மின்னோட்டமும்

“அண்ணே, செல் மட்டும் மாத்திக் குடுங்க, போதும்” என்றுதான் பலரும் கொண்டுவருவார்கள். அந்தக் கோரிக்கையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இக்கடிகாரங்கள் 1.35 வோல்ட் தரும் பாதரச செல்லுக்காக வடிவமைக்கப்பட்டவை. பாதரச செல்கள் சந்தையிலிருந்து போய்விட்டன. இன்று கிடைக்கும் சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட் தருகிறது. 214 வகைக்கு 394 எண் செல்லைப் பிளாஸ்டிக் வளையம் சேர்த்தும், 218 வகைக்கு 344 எண் செல்லை அப்படியேயும் போடலாம். கூடுதல் மின்னழுத்தத்தால் கவையின் வீச்சு பெருகுகிறது. உந்துவிரல் ஒரு பல்லுக்குப் பதில் சில நேரம் இரண்டு மூன்று பற்களை வாரிக்கொண்டு போய்விடுகிறது. கடிகாரம் நாளுக்கு மணிக்கணக்கில் முந்தி ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இயந்திரமே கெட்டுவிட்டது என்று தள்ளிவைக்கப்பட்ட கடிகாரங்கள் பல என்னிடம் வந்திருக்கின்றன. விரல்களைச் சரியாக அமைத்த இயந்திரம் 1.55 வோல்டிலும் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். அப்படியும் அடங்காதவற்றுக்கு, உள்ளே டயோடு வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் செல்கள் விற்பனைக்கு உண்டு.

பழைய செல்லை எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டு டிரான்சிஸ்டரைச் சோதனைக்கு உள்ளாக்க வேண்டாம். செல் அறையில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது கசிந்த காரம். பஞ்சுக்குச்சியின் நுனியில் வினிகரை நனைந்தும் நனையாமலும் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீர், பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் துடைத்தெடுக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு வேண்டாம்; அதன் சர்க்கரையும் நாரும் பின்னால் பிசுபிசுப்பாக நிற்கும்.

மின்னோட்டத்தை அளப்பதற்கு, அந்நாளில் புலோவா முகவர்களிடம் இருந்ததுபோன்ற சோதனைப் பெட்டி தேவையில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் உறுப்புகள் போதும். ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் மாறுமின்தடை ஒன்றை இணைத்தால், அதன் நடுமுனையிலிருந்து வேண்டிய மின்னழுத்தத்தைத் திருகிப் பெறலாம். அந்த நடுமுனைக்கும் கடிகாரத்துக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் அளவையில் பாருங்கள். 60 மில்லிவோல்ட் காட்டினால் மின்னோட்டம் 6 மைக்ரோ ஆம்பியர். பத்தால் வகுத்தால் விடை. கவை துடிப்புத் துடிப்பாக மின்சாரம் இழுப்பதால் எண் தடுமாறினால், கடிகாரத்துக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கியை வைத்துப் பாருங்கள். மலிவான மின்தேக்கிகள் தாமே சிறிது மின்சாரத்தைக் கசியவிடும் என்பதால், கடிகாரம் இல்லாமல் ஒருமுறை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

1.35 வோல்டில் 214 வகை இயந்திரம் ஏறத்தாழ 5 முதல் 7 மைக்ரோ ஆம்பியர் வரை இழுத்தால் நல்ல உடல்நிலை. 8-ஐத் தாண்டினால் எங்கோ உராய்வு இருக்கிறது. மின்னோட்டம் சுழி என்றால் செல் தொடும் தகட்டையோ காயிலின் தொடர்ச்சியையோ சந்தேகிக்க வேண்டும். இந்த ஒற்றை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். சுத்தம் செய்து முடித்த பிறகு அது இறங்கியிருக்கிறதா என்பதுதான் உங்கள் வேலைக்கான தேர்வு மதிப்பெண். 6 மைக்ரோ ஆம்பியர் என்ற கணக்கில் ஓராண்டுக்கு 53 மில்லி ஆம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். ஆறே மாதத்தில் செல் தீர்ந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் அவர் மிகைப்படுத்தவில்லை. இயந்திரம் இரட்டிப்பாகக் குடிக்கிறது.

பிரித்தலும் கழுவுதலும்

மின்னோட்டம் சரியாக இருந்து, முள்ளும் ஒழுங்காக ஓடினால், செல்லை மாற்றி, பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு மூடிவிடுங்கள். கையில் கருவி இருக்கிறது என்பதற்காகப் பிரிக்கக் கூடாது. உள்ளே அழுக்கேறியிருக்கிறது என்று எண்ணும் சொல்லியிருந்தால் மட்டும் தொடருங்கள்.

செல்லை எடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். அதிர்ந்துகொண்டிருக்கும் கவையின் அருகே சாமணம் போனால் விரல்கள் வளைந்துவிடும். முட்களையும் முகப்புத் தகட்டையும் எடுக்கும் முறை மற்றக் கடிகாரங்களுக்கு உள்ளதே. முட்களிலோ எண்களிலோ பழைய ஒளிரும் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். 1960களின் பூச்சில் கதிரியக்கப் பொருள் இருக்க வாய்ப்புண்டு, அதன் தூள் மூச்சில் போகக் கூடாது.

அடுத்த படி, விரல்களைச் சக்கரத்திலிருந்து விலக்குவது. தடுப்புவிரல் பொருத்தப்பட்ட சிறு பாலத்தின் (உறுப்பைத் தாங்கும் தகட்டின்) பூட்டுத் திருகைத் தளர்த்தி, விரல் சக்கரத்தைவிட்டு விலகும்படி நகர்த்துங்கள். பின்பு உந்துவிரலும் சக்கரத்தைத் தொடாமல் இருப்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டும் விலகாமல் சக்கரப் பாலத்தைத் தூக்கினால், சக்கரம் சாய்ந்து விரல்களில் ஒன்றையாவது கொண்டுபோய்விடும். விரல் நுனியின் கல் ஒட்டுப்பொருளால் ஒட்டப்பட்டது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விழுந்தால் தரையில் தேட முடியாது.

காயில்களும் கவையும் நலமாக இருந்தால் அவற்றை இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. காந்தக் கிண்ணத்துக்குள் துகள் சிக்கியிருந்தால் மட்டும் காயில் தொகுதியின் திருகுகளை எடுத்து, பக்கவாட்டில் சாயாமல் நேராக உயர்த்தி, இரு தொகுதிகளையும் இணைக்கும் கம்பிகள் இழுபடாதபடி சேர்த்தே தூக்கிப் பஞ்சின்மேல் வையுங்கள். காயிலை எந்தத் திரவத்திலும் நனைக்கக் கூடாது. கவையையும் ஊறவைக்க வேண்டாம், உந்துவிரல் அதில்தான் இருக்கிறது. காந்தத்தின் துகள்களை ஊதியோ தூரிகையாலோ அகற்ற முடியாது. அவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம்பெயரும், அவ்வளவுதான். ஒட்டுப்பசையைக் கூம்பாக உருட்டி, கிண்ணத்துக்குள் மெல்ல அழுத்தி எடுங்கள். பசையின் நுனி சுத்தமாக வரும்வரை புதுப்புது நுனியால் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கால் மணி நேரம் பிடிக்கும் இந்தச் சலிப்பூட்டும் வேலைதான், என் அனுபவத்தில், மின்னோட்டத்தை அதிகமாகக் குறைக்கிறது.

மற்றச் சக்கரங்கள், பாலங்கள், திருகுகள் ஆகியவற்றை வாட்சுக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒயிட் பெட்ரோலில் கழுவி, மென்தூரிகையால் தேய்த்து, அச்சுகள் சுழலும் கல் துளைகளைக் கூர்க்குச்சியால் துடைத்து உலர்த்தலாம். சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்புவரை போகும். இன்டெக்ஸ் சக்கரத்துக்கு மட்டும் தனிக் கிண்ணம். அதன் விளிம்பை ஒருபோதும் பிடிக்காமல், அச்சைப் பிடித்துத் திரவத்தில் இறக்கி, கிண்ணத்தை மெல்லச் சுழற்றி, பத்து நிமிடம் விட்டு, புதிய திரவத்தில் இன்னொருமுறை செய்யுங்கள். தூரிகை, குச்சி, பசை எதுவும் பற்களைத் தொடக் கூடாது. மீயொலித் தொட்டியில் மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் போடுவதும் கூடாது. ஒன்றோடொன்று மோதுகையில் தோற்பது இந்தச் சக்கரமாகத்தான் இருக்கும். உலர்ந்த பின் நுண்ணோக்கியில் 300 பற்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு பல் மழுங்கியிருந்தாலும், தேய்ந்திருந்தாலும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் இல்லாத கோளாறைத் தேடி விரல்களை நாள் முழுதும் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணெய், சேர்த்தல்

எண்ணெயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சக்கர அச்சுகள் சுழலும் கல் துளைகளில் கைக்கடிகாரத்துக்கான மெல்லிய செயற்கை எண்ணெய். நான் மோபியஸ் 9010 பயன்படுத்துகிறேன். இன்டெக்ஸ் சக்கரத்தின் அச்சுக்கு மிகமிகக் குறைந்த அளவு. மற்றவற்றுக்குப் போடுவதில் பாதி. மணி, நிமிட முட்களைச் சுழற்றும் பகுதிக்குச் சற்றுக் கனமான எண்ணெய். இன்டெக்ஸ் சக்கரத்தின் பற்களிலும் விரல் நுனிக் கற்களிலும் ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் தூசு ஒட்டும், எண்ணெயின் ஒட்டுதன்மையே கல்லைப் பற்களிலிருந்து விடுபடாமல் பிடித்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான்.

சக்கரங்களை அமர்த்திப் பாலத்தை மூடியதும், திருகை முழுதும் இறுக்குவதற்கு முன் ஒவ்வொரு அச்சும் தன் துளையில் அமர்ந்திருக்கிறதா, மேலும் கீழுமாகச் சிறு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். விரல்கள் இன்னும் விலகியிருக்கும் இந்த நிலையில், ரப்பர் ஊதியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல அழுத்தினால் இன்டெக்ஸ் சக்கரம் தயக்கமின்றிச் சுழல வேண்டும், சடக்கென்று நிற்காமல் தளர்ந்து நிற்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரமும் எச்சிலும் அங்கே போகும்.

விரல்களை இசைவித்தல்

இதுவரை சொன்னவை பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். இந்தப் பகுதிதான் தொழில்.

உந்துவிரலின் கல், சக்கரத்தின் தடிப்புக்கு நடுவில், விளிம்புக்கு இணையாக, மிக லேசாக வளைந்து பற்களைத் தொட வேண்டும். அழுத்தம் கூடினால் மின்னோட்டம் ஏறும், பற்கள் தேயும். குறைந்தால் கல் பற்களின்மேல் வழுக்கிப்போகும். கல் சக்கரத்தின் மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ தொங்கினால் பாதி அகலம்தான் வேலை செய்யும். சில மாதங்களில் பற்களில் படி விழும். தடுப்புவிரலுக்கும் இதே விதிகள்தாம். அதற்கு மேலாக ஒன்று உண்டு: உந்துவிரல் ஒரு பல்லின் அடியில் பொருந்தி நிற்கும்போது, தடுப்புவிரல் தன் பல்லின் அடியில் இல்லாமல் அரைப் பல் தள்ளி இருக்க வேண்டும். இந்த அரைப் பல் வேறுபாடு இருந்தால், உந்துவிரல் ஒரு பல்லுக்கு மேல் எவ்வளவு பயணித்தாலும், மூன்று பற்களை எட்டாதவரை, சக்கரம் மொத்தத்தில் ஒரே ஒரு பல்தான் முன்னேறும். கை அசைவு, குளிர், வெயில், செல்லின் வலிமை எல்லாம் மாறினாலும் நேரம் மாறாமல் இருப்பதன் இரகசியம் அதுவே. 1.35 வோல்டுக்கு உருவான கடிகாரம் 1.55 வோல்டையும் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே.

நாற்பதில் ஒரு மில்லிமீட்டரில் பாதியைக் கண்ணால் பார்த்து அமைப்பது நடவாது. மின்னழுத்தத்தைக் குறைத்து, கடிகாரத்தையே கேட்டு அமைக்க வேண்டும். முன்பு செய்த மாறுமின்தடையை இணைத்து 1.35 வோல்டில் கவையை ஓடவிடுங்கள். தடுப்புவிரலை மெல்லச் சக்கரத்தோடு சேருங்கள். நொடிமுள் சுழல வேண்டும். இனி மின்னழுத்தத்தை மெதுமெதுவாகக் குறையுங்கள். கவையின் வீச்சு சுருங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் முள் நின்றுவிடும். நின்ற இடத்துக்குச் சற்று மேலே மின்னழுத்தத்தை நிறுத்திக்கொண்டு, தடுப்புவிரலின் பாலத்தை ஒரு பக்கமாக மயிரிழையளவு நகர்த்துங்கள். முள் தயங்கி நிற்கும் புள்ளி ஒன்று வரும். அதை மனத்தில் குறித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நகர்த்தினால், முள் மறுபடி ஓடி, மறுமுனையில் இன்னொரு புள்ளியில் நிற்கும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நட்டநடுவில் பாலத்தை வைத்துவிட்டு மின்னழுத்தத்தை மேலும் சிறிது குறைத்து இதையே திரும்பச் செய்தால், இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கும். முள் ஓடும் வெளி மிகக் குறுகிவிட்டது என்று தோன்றும்போது அதன் நடுவே பூட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போதே பாலம் சற்று இழுபடும். ஆகவே இறுக்கிய பின் மறுபடி சோதிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எனக்கு முதல் முறை இது சரியாக அமைய மூன்று விடியற்காலைகள் ஆயின. இப்போதும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக முடிந்ததில்லை.

பிறகு மேல்முனையைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் 1.55-ஐச் சற்றே தாண்டும் புதிய செல்லைப் போட்டு, நம்பகமான நேரத்தோடு ஒப்பிட்டுப் பத்து நிமிடம் நொடிமுள்ளைக் கவனியுங்கள். இரண்டு மூன்று நொடிகள்கூடத் தாவினால் உந்துவிரல் அதிகப் பற்களை வாருகிறது. நடுப்புள்ளி சரியாக இல்லை, அல்லது விரலின் அழுத்தம் பிழை. இப்போது மின்னோட்டத்தையும் மறுபடி அளந்து, முன்பு எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

218 வகையில் இந்த வேலை கொஞ்சம் எளிது. நேரம் வைக்கும் கிரீடம் 4 மணிப் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் 218. பின்மூடியில் மடிக்கும் பிடி இருந்தால் 214. ஒமேகாவின் எஃப்300 முதலிய கடிகாரங்களும் இதே குடும்பம்தான் என்றாலும், அவற்றின் கவை நொடிக்கு 300 அதிர்வுகள் கொண்டது, உறுப்புகளின் அமைப்பும் வேறு. மேற்சொன்ன மின்னோட்ட அளவுகளை அவற்றின்மீது ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

நேரம் திருத்தல்

விரல்கள் சரியாக அமைந்த பிறகே நேரத்தைத் திருத்த வேண்டும். முன்னதாகத் திருத்தினால் பல் தவறுவதைக் கவைமீது பழிபோடுவீர்கள். கவையின் இரு கரங்களின் நுனியிலும் விளிம்பில் சிறு வளைவுகள் வெட்டப்பட்ட திருத்தி ஒன்று உண்டு. ஒரு வளைவு நகர்த்தினால் நாளுக்கு 2 நொடி மாறும். இரண்டு கரங்களையும் கூடியவரை ஒரே அளவில் நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமானால் கவை தன் ஆற்றலை அடித்தகட்டுக்கு விட்டுக்கொடுக்கும். அலைபேசியில் ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலிகள் இப்போது கிடைக்கின்றன. விடியற்காலை அமைதியில் அலைபேசியின் ஒலிவாங்கிமீது கடிகாரத்தை வைத்தால் 360-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் தெருவில் ஐந்தே முக்காலுக்குப் பிறகு தண்ணீர் லாரி வந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே பார்த்துவிடுவேன். ஆயினும் நாளுக்கு 2 நொடி என்பது பத்து லட்சத்தில் 23 பங்கு. அந்த நுட்பத்தை எல்லாச் செயலியும் காட்டாது. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடப்பதே நம்பகமான முறை. படுக்கவைத்த நிலையிலும் கரங்கள் மேல்நோக்கிய நிலையிலும் சில நொடி வேறுபாடு வரும்; அது புவியீர்ப்பின் விளைவு, பழுதன்று.

மூடும்போது ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீசை விரல்நுனி ஈரமளவுக்குத் தடவி, செல் அறையின் மூடியை நாணயத்தால் திருகுங்கள். நாணயம் பள்ளத்தைவிடத் தடிமனாக இருந்தால் விளிம்பைச் சிதைக்கும், பழைய 25 காசு எனக்குப் பொருந்துகிறது. மழைநாட்களில் கட்டப்போவதில்லை என்றால் செல்லை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கடிகாரத்தை அந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள். தை பிறந்து ஈரம் குறைந்ததும் செல்லைப் போட்டால், கவை உடனே முனகத் தொடங்கும். தொடங்காவிட்டால் முள் பக்கமாக விரலால் ஒரு தட்டு, மெல்ல.